பாசிச் சாறு பாட்டிலில் கடலின் பெயர் எங்கே?

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. 1985ஆம் ஆண்டு வரை சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை எல்லாம் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவையாக இருந்தன. பாம்பன், மண்டபம், ராமேசுவரம் ஆகியவையும் அதே மாவட்டந்தான். அந்த ஆண்டில் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது கரிசல் காடு ஒரு பக்கமும் கடல் மறு பக்கமும் போய்விட்டன. அதன் பிறகு, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வங்கக் கடலிலிருந்து வரும் மழையைத் தவிர, கடலுக்கும் தங்களுக்கும் வேறு சம்பந்தம் இல்லை என்றே இப்பகுதி மானாவாரி விவசாயிகள் எண்ணி வருகின்றனர்.

ஆனால் இன்று கடல் உரக்கடை வழியாக உள்ளே வந்திருக்கிறது. மக்காச்சோளம், பருத்தி, மிளகாய் ஆகியவற்றுக்குத் தெளிப்பதற்கென்று "கடல்பாசிச் சாறு", "கடல்பாசி டானிக்", "கடல்பாசி குருணை" என்று பல பெயர்களில் பாட்டில்களும் பைகளும் கடை அலமாரிகளில் வரிசையாக நிற்கின்றன. கேட்டு வாங்குவோர் சிலர். யூரியாவோ டி.ஏ.பி.யோ வாங்கப் போன இடத்தில் "இதையும் எடுத்தால்தான் அது கிடைக்கும்" என்று தலையில் கட்டப்பட்டு வாங்கி வருவோர் பலர்.

பட்டாசுத் தொழில் நடக்கும் வட்டாரங்களில் இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். மூன்று ஏக்கர் கரிசலை வைத்திருக்கும் குடும்பத்தில் விதைப்புச் செலவு நிலத்திலிருந்து வருவதில்லை. வீட்டுப் பெண்கள் பட்டாசு ஆலையிலோ தீப்பெட்டி ஆலையிலோ வாங்கி வரும் வாரக் கூலியிலிருந்துதான் வருகிறது. உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்த காசு அது. அந்தக் காசில் வாங்கும் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது, அது எந்தக் கடலிலிருந்து வந்தது, யார் எடுத்தது, எடுக்கச் சட்டம் அனுமதித்ததா என்ற கேள்விகளைக் கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. ஆனால் இன்றுள்ள நிலையில் கேட்டாலும் பதில் கிடைக்காது. லேபிளில் இவற்றுக்குரிய விவரம் இல்லை.

பாசியில் எத்தனை வகை

கடல்பாசி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே தவிர, அது ஒரே பயிரன்று. மன்னார் வளைகுடாவில் மீனவப் பெண்கள் பரம்பரையாக எடுத்து வரும் பாசிகளில் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி ஆகியவை சிவப்புப் பாசி இனங்கள். இவற்றிலிருந்து அகர் எடுக்கப்படுகிறது. அகர் எடுக்கும் ஆலைகள் மதுரையைச் சுற்றி அதிகம். கட்டக்கோரை, பக்கோடாப் பாசி ஆகியவை பழுப்புப் பாசி இனங்கள். ஆல்ஜினேட் என்னும் பசைப் பொருளுக்கும், பயிருக்கான சாறு எடுப்பதற்கும் பழுப்புப் பாசிகள் பயன்படுகின்றன.

இவை இயற்கையாக வளர்பவை. இவற்றைத் தவிர, வளர்த்து எடுக்கப்படும் பாசி ஒன்றும் உண்டு. கப்பாபைகஸ் என்னும் இந்தச் சிவப்புப் பாசி பிலிப்பைன்ஸ் நாட்டு இனம். மண்டபத்திலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் ரசாயன ஆராய்ச்சி நிலையம் இதை இங்கே வளர்க்கும் முறையைக் கண்டறிந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி ஒரு குளிர்பானக் கம்பெனி ஒப்பந்த முறையில் மீனவக் குடும்பங்களைக் கொண்டு இதைப் பயிரிடத் தொடங்கியது. அதனால் இன்றும் அந்தக் கடற்கரையில் இதற்குப் "பெப்சிப் பாசி" என்றே பெயர். மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, விதைப் பாசியைக் கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். பச்சையாகவே அரைத்துப் பிழிந்தால் கிடைக்கும் சாறு பயிருக்கு. சக்கையிலிருந்து கிடைக்கும் காரஜீனன் ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும்.

நான்காவதாக, அட்லாண்டிக் கடலின் வட கரைகளில், கனடாவிலும் அயர்லாந்திலும் நார்வேயிலும், பாறைகளில் வளரும் ஆஸ்கோஃபில்லம் என்னும் பழுப்புப் பாசி. இந்தியாவில் விற்கும் பல பாட்டில்களில் இருப்பது இறக்குமதியான இந்தப் பாசியின் தூளைக் கரைத்த கரைசலே. அதனால் சாத்தூர்க் கடையில் வாங்கும் பாட்டில் பாம்பனிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம், பல ஆயிரம் மைல் தாண்டி வந்ததாகவும் இருக்கலாம்.

பயன் உண்டா என்றால் உண்டு. இதை மறுப்பது முறையன்று. பாசிச் சாற்றில் பயிரின் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களும் ஓரளவு பொட்டாசும் நுண்ணூட்டங்களும் இருப்பது ஆராய்ச்சியில் நிரூபணமான விஷயம். கப்பாபைகஸ் சாற்றைத் தெளித்து மானாவாரி சோயாவில் நல்ல மகசூல் கூடியதாக 2009ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் ஆய்வு முடிவை வெளியிட்டனர். ஆனால் அந்த ஆய்வில் தெளித்த கரைசலின் வலிமை நூற்றுக்கு இரண்டரைப் பங்கிலிருந்து பதினைந்து பங்கு வரை. அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 250 மில்லியிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சாறு. கடையில் விற்கும் பாட்டிலிலோ லிட்டருக்கு 2 மில்லி, 3 மில்லி என்று போட்டிருக்கிறது. அது சுண்ட வைத்த சரக்காக இருக்கலாம். அல்லது வேறு பாசியாக இருக்கலாம். அல்லது வெறும் நிறம் போட்ட தண்ணீராகவும் இருக்கலாம். எந்தப் பாசி, எந்த வலிமை என்று தெரியாமல், ஒரு பாசியில் செய்த ஆராய்ச்சியைக் காட்டி இன்னொரு பாசியின் பாட்டிலை விற்பது பெரிய ஏமாற்றாகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாசிச் சாறு உரமன்று. மண்ணில் ஈரமும் ஊட்டமும் இருக்கும்போது பயிர் அவற்றை நன்றாக எடுத்துக்கொள்ள உதவும் தூண்டுபொருள் அது. அடியுரம் போடாத கரிசலில், மழை தப்பி இலை சுருண்ட மக்காச்சோளத்தின் மீது எத்தனை முறை தெளித்தாலும் மணி பிடிக்காது.

பாட்டிலுக்குச் சட்டம் வந்த கதை

உரத்துக்கு 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை உண்டு. பூச்சி மருந்துக்கு 1968ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. பாசிச் சாறு போன்ற பயிர் ஊக்கிகள் இரண்டிலும் சேராமல் நடுவில் நின்று வந்தன. யாரும் காய்ச்சலாம், யாரும் விற்கலாம் என்பதே நிலைமை. 2021 பிப்ரவரியில்தான் மத்திய அரசு இவற்றை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டு வந்தது. பயிர் ஊக்கிகளை எட்டு வகையாகப் பிரித்து, கடல்பாசிச் சாற்றைத் தாவரச் சாறுகளோடு முதல் வகையில் சேர்த்தது. பூச்சி மருந்தைக் கலந்து "டானிக்" என்று விற்கும் தந்திரத்தைத் தடுக்க, பூச்சி மருந்து 0.01 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் விதித்தது.

சட்டம் வந்ததும் சரக்கு ஒழுங்காகிவிடவில்லை. ஏற்கெனவே விற்று வந்தவர்களுக்குத் தற்காலிகப் பதிவு கொடுக்கப்பட்டது. அந்தத் தற்காலிகம் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்பட்டு 2025 ஜூன் வரை வந்தது. ஒரு காலத்தில் சுமார் 30,000 பொருள்கள் எந்தக் கட்டுப்பாடும் இன்றி விற்கப்பட்டன, பின்னர் நான்கு ஆண்டுகளாக 8,000 பொருள்கள் புழக்கத்தில் இருந்தன, சோதனையை இறுக்கிய பிறகு சுமார் 650தான் மிஞ்சின என்று 2025 ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சரே சொன்னார். முப்பதாயிரத்தில் அறுநூற்றைம்பது! கைவிடப்பட்ட அத்தனை பாட்டில்களுக்கும் விவசாயிகள் கொடுத்த பணம் திரும்பவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மானிய உரத்தோடு இவற்றைக் கட்டாயமாகச் சேர்த்து விற்பதை உடனே நிறுத்த வேண்டும் என்று அதே மாதத்தில் அமைச்சர் எல்லா மாநில முதல்வர்களுக்கும் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் கடைத்தெரு வரை வந்து சேர்ந்ததா என்பதை ஒவ்வொரு விதைப்புப் பருவத்திலும் விவசாயிகளே பார்த்துக்கொள்ளலாம்.

எப்படியோ, பாட்டிலின் உள்ளே இருப்பதற்கு இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. அது கடைக்கும் ஆலைக்கும் பொருந்தும். பாசி வளரும் தண்ணீருக்கு இருப்பவை வேறு சட்டங்கள். இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. குறை இங்கேதான் இருக்கிறது.

தண்ணீருக்குள் இருக்கும் சட்டங்கள்

கடல் எல்லோருக்கும் பொது என்பது பழங்கால வழக்கு. இன்று கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 22 கிலோமீட்டர் வரை நாட்டின் சொந்தக் கடல். அதற்குள் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநில அரசுக்கு. அதற்கு அப்பால், 200 கடல் மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம். அது மத்திய அரசின் பொறுப்பு. 1976ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இதற்கான சட்டத்தை இயற்றியது. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல் சட்ட உடன்படிக்கையை இந்தியா 1995இல் ஏற்று உறுதி செய்தது. தமிழ்நாட்டுக்கென்று 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது கிழக்குக் கரையின் ஏற்பாடு. இலங்கையோடு 1974, 1976 ஆண்டுகளில் செய்துகொண்ட எல்லை ஒப்பந்தங்கள் தனி. கச்சத்தீவைப் பற்றிப் பேசாத அரசியல் மேடை இல்லை. பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிப் பேசிய மேடையை விரல் விட்டு எண்ணலாம்.

அந்தப் பெண்களை நேரடியாகத் தொடும் சட்டம் மீன்பிடிச் சட்டமன்று; 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமாகும். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலையும் சேர்த்து 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். அதற்கு அவசியம் இருந்தது. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டி எடுத்ததன் விளைவை அந்தப் பகுதி இன்றும் அனுபவித்து வருகிறது. 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. பவளமும் கடல்புற்களும் பாசியும் இருந்தால்தான் மீன் குஞ்சு பொரித்து வளரும். ஆகவே பூங்கா வேண்டாம் என்று சொல்வதற்கில்லை.

ஆனால் சட்டம் தீவுகளை எண்ணியபோது அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைத்தவர்களை எண்ணவில்லை. சின்னப்பாலம் போன்ற கடற்கரைக் கிராமங்களில் பெண்கள் தலைமுறையாக இந்தத் தொழிலைச் செய்து வருகின்றனர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் பை கட்டி, மணிக்கணக்காகத் தண்ணீருக்குள் மூழ்கி மூழ்கி எழுந்து பாசியைப் பறிக்கிறார்கள். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு பூங்காவின் காவல் இறுகியபோது, நேற்று வரை தொழிலாக இருந்தது குற்றமாகிவிட்டது. காடுகளில் வாழ்வோருக்கு 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. கடலை நம்பி வாழ்வோருக்கு அதைப் போன்ற சட்டம் எதுவும் வரவில்லை.

இந்தப் பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை. தங்களுக்குள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று கட்டுப்பாடு வகுத்துக்கொண்டனர். பறிக்கும்போது பாறையில் பற்றியிருக்கும் அடிப்பகுதியை விட்டுவிட்டால் பாசி மறுபடி தழைக்கும். அகத்தியைக் கழிப்பது போல்தான். சுரண்டி எடுத்துவிட்டால் அந்த இடம் வெறும் பாறையாகிவிடும். இந்த நுணுக்கம் அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததன்று. சின்னப்பாலத்தைச் சேர்ந்த அவர்களுடைய தலைவி ஒருவருக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு சர்வதேசப் பரிசு அளித்தது. அதே கரையில் அதே தொழிலுக்காக வனத்துறையின் வழக்கும் வெளிநாட்டாரின் பரிசும் அடுத்தடுத்து வருகிறதென்றால், சட்டத்தில் எங்கேயோ ஒரு தையல் விட்டுப்போயிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

வளர்ப்புப் பாசியின் கதை வேறு. அது வெளிநாட்டு இனம் என்பதால், பவளப் பாறைகளின் மேல் படர்ந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. 2005 டிசம்பரில் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்து, பாக் விரிகுடாவின் வட பகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே இதைப் பயிரிடலாம் என்று வரையறுத்தது. குருசடைத் தீவில் பவளத்தின் மேல் இது படர்ந்திருப்பதாக 2008இல் விஞ்ஞானிகள் அறிவித்தனர். கருவேலை கண்மாய்களில் பரவியதைப் பார்த்த விருதுநகர் விவசாயிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சீமைக் கருவேலும் நல்லெண்ணத்தோடு கொண்டு வரப்பட்ட செடிதான். பின்னர் 2013, 2014 ஆண்டுகளையொட்டிக் கடல் சூட்டாலும் நோயாலும் கப்பாபைகஸ் மிதவைகள் அழுகி உற்பத்தி பெருமளவு சரிந்தது. கடன் பட்டு மிதவை கட்டியவர்கள் கரையில் உட்கார்ந்தனர். மழை தப்பிய மானாவாரிக்காரர் நிலைமைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

இப்போது அரசு மறுபடி பாசியை நோக்கித் திரும்பியிருக்கிறது. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் 2025ஆம் ஆண்டுக்குள் 11 லட்சம் டன்னுக்கு மேல் பாசி உற்பத்தி என்று இலக்கு வைத்தனர். அந்த இலக்கின் அருகில்கூட உற்பத்தி வரவில்லை. ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. பாசிக்குச் சந்தை வேண்டும் என்றால் அது பெரும்பாலும் விவசாயியின் வயலாகவே இருக்கும். ஐஸ்கிரீமுக்கு வேண்டியது கொஞ்சம். ஆகவே வரும் ஆண்டுகளில் கடைக்கு வரும் பாசிப் பாட்டில்கள் குறையப்போவதில்லை.

பட்டாசுப் பெட்டிக்கு உள்ள நியாயம்

இங்கேதான் சிவகாசி வட்டாரத்தாருக்கு ஒரு விஷயம் மற்றவர்களைவிட நன்றாகப் புரியும். லேபிள் அச்சடிப்பதில் சிவகாசிக்கு நிகர் கிடையாது. பாசிச் சாறு பாட்டிலில் ஒட்டியிருக்கும் பளபளப்பான லேபிள் சிவகாசி அச்சகத்திலேயே அடித்ததாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. லேபிளில் உள்ள படம் சரக்கின் தரத்துக்கு ஜாமீன் ஆகாது என்பது அச்சகத்தில் வேலை பார்க்கும் பையனுக்கும் தெரியும்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைப் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்றும் பசுமைப் பட்டாசுகளையே தயாரிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அதன் பிறகு பெட்டியின் மீது பசுமை முத்திரையும், செல்போனில் பார்த்து உண்மையா என்று தெரிந்துகொள்ளும் கியூஆர் கட்டமும் வந்தன. அந்த உத்தரவால் சரவெடித் தொழில் பட்ட பாடு வேறு விஷயம். எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள் என்றும் சொல்வதற்கில்லை. உரிமம் ஒருவர் பெயரிலும் வேலை உள்குத்தகைக்காரர் கையிலும் நடந்து, விபத்து நேர்ந்த பிறகே விஷயம் வெளியே வருவதை இந்த வட்டாரம் எத்தனையோ முறை பார்த்துவிட்டது. ஆனாலும் ஒரு கொள்கை நிலைநாட்டப்பட்டது. ஒரு நாள் இரவு வெடித்துத் தீரும் பெட்டிக்கு, உள்ளே என்ன, யார் செய்தது என்று வாங்குபவர் தெரிந்துகொள்ள வழி இருக்க வேண்டும் என்பதே அது. பயிரின் மீது தெளித்து, விளைந்ததைச் சாப்பிடப் போகும் பாட்டிலுக்கு அதே நியாயம் ஏன் கூடாது?

பாசிப் பாட்டிலில் மூன்று விவரங்களைக் கட்டாயமாக்க வேண்டும். எந்தப் பாசி என்பதை அதன் தமிழ்ப் பெயரோடு எழுத வேண்டும். வளர்த்ததா, இயற்கையாகப் பறித்ததா, இறக்குமதியா என்று எழுத வேண்டும். எந்தக் கடற்பகுதி என்று எழுத வேண்டும். உரக் கட்டுப்பாட்டு ஆணையின் விதிகளில் ஒரு திருத்தம் செய்தால் போதும். புதுச் சட்டம் தேவையில்லை.

இதனால் கடலுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். இன்று பூங்காவின் எல்லைக்குள் ஒரு பெண் பிடிபட்டால் பாசியும் போகிறது, வள்ளமும் போகிறது. ஆனால் அதே பாசி உலர்ந்து மூட்டையாகி வியாபாரியின் கிடங்குக்குள் போய்விட்டால், அது தீவில் எடுத்ததா, தீவுக்கு வெளியே எடுத்ததா என்று எவராலும் சொல்ல முடியாது. தண்டனை முழுவதும் தண்ணீரில் நிற்பவருக்கு. கிடங்கு வைத்திருப்பவருக்கும் ஆலைக்காரருக்கும் கணக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு இல்லை. லேபிளில் கடலின் பெயரை எழுதியாக வேண்டும் என்றால், ஆலைக்காரர் வியாபாரியிடம் சீட்டுக் கேட்பார். வியாபாரி பறித்தவரிடம் கேட்பார். பறித்தவரிடம் சீட்டு இருக்க வேண்டும் என்றால் அவருக்கு அனுமதியும், அனுமதித்த இடமும், அனுமதித்த நாள்களும் அரசு கொடுத்தாக வேண்டும். பெண்கள் தாமாக வகுத்துக்கொண்ட 12 நாள் கட்டுப்பாட்டை அப்படியே எழுதிச் சட்டமாக்கலாம்.

வெளிநாடுகளில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தில் பாறைப் பாசியை அறுக்கும்போது அடியில் 127 மில்லிமீட்டர், அதாவது ஐந்து அங்குலம் விட்டுத்தான் அறுக்க வேண்டும். இருக்கும் பாசியில் ஆண்டுக்கு நூற்றுக்கு 17 பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்றும் அளவு உண்டு. அயர்லாந்தில் சில கடற்கரைக் குடும்பங்களுக்குப் பாசி அறுக்கும் பாரம்பரிய உரிமை நிலப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. கண்மாயில் மீன்பாசிக் குத்தகை உண்டு, புளியமரத்துக்கு ஏலம் உண்டு என்று அறிந்தவர்களுக்கு, பாசிக்கும் பாத்தியதை உண்டு என்பது விநோதமாகத் தோன்றாது.

லேபிள் விதியால் விலை கூடும், சிறு உற்பத்தியாளர் பாதிக்கப்படுவர் என்று ஆட்சேபம் வரும். கொஞ்சம் கூடலாம். ஆனால் முப்பதாயிரம் பாட்டில்களுக்கு இது நாள் வரை கொடுத்த விலையைவிட அது அதிகமாகிவிடாது. மகளிர் குழுக்கள் தாங்களே பாசி வளர்த்துச் சாறு பிழிந்து, ஊர்ப் பெயரைப் போட்டு விற்க முன்வந்தால் அவர்களுக்கு இந்த விதி சாதகமாகவே இருக்கும். பெயரில்லாத சரக்கோடு போட்டி போட வேண்டிய அவசியம் இராது.

வேறு சிலர், கரிசல் விவசாயிக்கு அவர் கஷ்டமே தலைக்கு மேல் இருக்கும்போது கடலைப் பற்றி அவர் ஏன் கவலைப்பட வேண்டும் என்பர். நியாயமான கேள்வி. 2018இல் படைப்புழு வந்ததிலிருந்து மக்காச்சோளக்காரருக்குத் தூக்கம் இல்லை, காட்டுப்பன்றி வேறு. ஆனால் இங்கே கவலைப்படச் சொல்வது அடுத்தவர் பிரச்னைக்காக அன்று. பாட்டிலில் எந்தப் பாசி என்று தெரியாததால் நஷ்டப்படும் விவசாயியும், எடுத்த பாசிக்குச் சீட்டு இல்லாததால் கிடைத்த விலைக்கு விற்கும் பாசிக்காரப் பெண்ணும் ஒரே வியாபாரத்தின் இரு முனைகளில் நிற்கிறார்கள்.

இந்தப் பருவத்தில் செய்யக் கூடியவை

விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாட்டில் வாங்கினால் பில் கேட்டு வாங்க வேண்டும். பில் கொடுப்பது கடைக்காரரின் கடமை என்று உரக் கட்டுப்பாட்டு ஆணை கூறுகிறது. தயாரிப்பவர் பெயர், விற்பனை செய்பவர் பெயர் ஆகிய இரண்டையும் படிக்க வேண்டும். எந்தப் பயிருக்கு, எவ்வளவு என்று எழுதியிராத பாட்டிலைத் தொட வேண்டாம். பருத்திக்கென்று பதிவான சரக்கை மிளகாய்க்கும் ஆகும் என்று கடைக்காரர் வாயால் சொன்னால் அதையும் பில்லில் எழுதித் தரச் சொல்லலாம். எழுதித் தர மாட்டார். யூரியாவோடு சேர்த்துத் திணித்தால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். ஒருவராகப் போவதைவிட ஊராகச் சேர்ந்து ஐந்து பேர் போவது நல்லது.

மானாவாரிக்கு முதல் செலவு எது என்பதிலும் நிதானம் வேண்டும். முன்பருவ விதைப்புச் சோளத்துக்கு 2 சதவீதப் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் விதையை ஊற வைத்து, நிழலில் உலர்த்திக் கடினப்படுத்தி விதைப்பது மிகச் சிறிய செலவு. உளுந்துக்குப் பூக்கும் தருணத்திலும் 15 நாள் கழித்தும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிக்கலாம். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் மாலையே 10 லிட்டர் தண்ணீரில் ஊற வைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் வடித்து, மொத்தம் 200 லிட்டராக்கிக் கொள்ள வேண்டும். மக்காச்சோளத்துக்கு அடியுரத்தோடு ஜிங்க் சல்பேட்டை மறக்கக் கூடாது. கிடை கட்டும் வசதி உள்ளவர்கள் ஆட்டுக்கிடையை விடக் கூடாது. இவற்றைச் செய்த பிறகு கையில் காசு மிஞ்சி, மண்ணிலும் ஈரம் இருந்தால் பாசிச் சாற்றைப் பற்றி யோசிக்கலாம்.

யோசித்து வாங்கியவர்கள் காடு முழுவதும் தெளிக்காமல் இருப்பது நல்லது. ஒரே நாளில் விதைத்த, ஒரே மாதிரி மண் உள்ள இடத்தில் பத்துச் சால் பயிருக்குச் சாறு தெளித்து, பக்கத்துப் பத்துச் சாலுக்கு அதே நேரத்தில், அதே டேங்கைக் கழுவிவிட்டு, வெறும் தண்ணீரைத் தெளிக்க வேண்டும். இடையில் இரண்டு சால் சும்மா விட வேண்டும். குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொண்டு, அறுவடையின்போது இரண்டையும் தனித்தனியாகக் கட்டி எடை போட்டு, பாட்டிலின் பெயரையும் எடைகளையும் ஒரு சீட்டில் எழுதி வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு கடைக்குப் போகும்போது அந்தச் சீட்டையும் பழைய பில்லையும் சேர்த்தே எடுத்துச் செல்லலாம்.